கதவு பூட்டிய வீடும் குரல் கேட்காத குட்டையும்

முதல் நாள் இரவே திட்டு வாங்கினேன். இரண்டே சொற்களுக்காக.

பாகூர் வயல்களுக்கு நடுவே ஒரு குட்டை. மணி எட்டே கால். ஐந்து நிமிடம் அசையாமல் நின்று கேட்டோம். ஒரு குரலும் இல்லை. டார்ச் அடித்தபடி கரையைச் சுற்றி வந்தோம். ஒன்றும் கண்ணில் படவில்லை. படிவத்தில் அந்தக் குட்டைக்கு நேரே "தவளை இல்லை" என்று எழுதினேன். எங்கள் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருப்பவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர், என் கையிலிருந்த பென்சிலை வாங்கி அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு 0 என்று போட்டார்.

"இல்லை என்று உனக்கு யார் சொன்னது? தவளையா வந்து சொன்னது?"

பூஜ்யம் என்றாலும் இல்லை என்றுதானே பொருள் என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். மறுநாள் இரவு அந்த முணுமுணுப்பு அடங்கிவிட்டது. சூழலியல் படிப்பவர்கள் 'கண்டறியும் வாய்ப்பு' என்று சொல்லும் ஒரு கருத்து அந்த இரண்டு சொற்களுக்கும் அந்தப் பூஜ்யத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் உங்கள் தெருவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வீட்டில் தட்டுகிறார், திறக்க ஆளில்லை. அவர் என்ன எழுதுவார்? 'இந்த வீட்டில் யாரும் வசிக்கவில்லை' என்று எழுதமாட்டார். 'வீடு பூட்டியிருந்தது' என்று குறித்துக்கொண்டு இன்னொரு நாள் வருவார். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கலாம், கல்யாணத்துக்குப் போயிருக்கலாம், உள்ளேயே படுத்துத் தூங்கிக்கொண்டும் இருக்கலாம். அது உண்மையிலேயே காலி வீடாகவும் இருக்கலாம். பூட்டு இதில் எதையும் சொல்வதில்லை.

குட்டையும் அப்படித்தான். படிவத்தில் நாங்கள் போடும் 1 என்பது 'கண்டோம் அல்லது கேட்டோம்'. 0 என்பது 'போனோம், தேடினோம், அகப்படவில்லை'. மூன்றாவதாக ஒரு சிறு கோடு உண்டு: 'போகவே இல்லை'. மழையில் வரப்பு உடைந்து ஒரு குட்டைக்குப் போக முடியாவிட்டால் அங்கே 0 போடக் கூடாது, கோடுதான். கவனமில்லாமல் கோட்டுக்குப் பதில் பூஜ்யம் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கணினியின் முன்னால் உட்கார்ந்து எது எது என்று தெரியாமல் தலையில் கை வைத்துக்கொள்பவர்கள் உண்டு. 'தவளை இல்லை' என்று எழுத இந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

நாங்கள் நால்வர். அக்கா, புள்ளியியலில் கெட்டிக்காரரான ஓர் அண்ணன், முதுகலை படிக்கும் ஒரு தம்பி, முதலாண்டு ஆய்வு மாணவியான நான். ஆடி மாதத்தின் ஒரு சனிக்கிழமை மதியம் புதுச்சேரியில் கடலூர் சாலைப் பஸ் ஏறினோம். வழியில் நடத்துநர் "தவளக்குப்பம்! தவளக்குப்பம்!" என்று குரல் கொடுத்தபோது தம்பி எழுந்தே நின்றுவிட்டான். தவளம் என்றால் வெண்மை என்றும் ஒரு பொருள் உண்டு. ஆனால் கம்பூட்ஸும் ஒலிப்பதிவுக் கருவியுமாக உட்கார்ந்திருந்த எங்கள் காதில் தவளைதான் விழுந்தது.

பாகூரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்றால், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் அது. பெரிய ஏரி, அதன் பாசனத்தில் வயல்கள், நடுநடுவே குட்டைகள், வாய்க்கால்கள். புதுச்சேரி மண்ணும் கடலூர் மாவட்டமும் இங்கே பாய் பின்னியதுபோல் மாறி மாறி வரும். அரை மணி நடந்தால் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்பது குழம்பிவிடும். தவளைக்கு அந்தக் குழப்பம் இல்லை.

இருவாழ்விகள் என்று பாடப்புத்தகம் சொல்லும் கூட்டத்தில் தவளை, தேரை தவிர வாலுள்ள சாலமாண்டர்களும், மண்புழு போன்ற உருவமுள்ள காலில்லாச் சிசிலியன்களும் சேர்த்தி. இந்தியாவில் 400-க்கும் மேற்பட்ட இருவாழ்வி இனங்கள் இருக்கின்றன. எங்கள் வயல்வெளிக்கு வேண்டியவை தவளையும் தேரையும் மட்டும்தான். அவற்றுள் ஒன்றுக்குப் புதுச்சேரியோடு தனி உறவு உண்டு: ஏரிகளில் மிதக்கும் பச்சைத் தவளை. 1834-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஸ்ஸோன் அதற்கு ஹெக்ஸாடாக்டிலா என்று அறிவியல் பெயர் வைத்தது புதுச்சேரியில் கிடைத்த தவளைகளைக் கொண்டுதான். வளர்ந்த பிறகு பூச்சிகளோடு இலைதழையும் தின்னும் தவளை அது. தவளைகளில் அது அபூர்வம். காலுக்காகப் பிடித்து ஏற்றுமதி செய்யப்பட்டவற்றுள் அதுவும் உண்டு. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-இல் தடை செய்தது.

கல்லுக்குள் தேரை

ஒரு குட்டையில் தவளை இருந்தும் அகப்படாமல் போவது எப்படி?

தவளையின் தோல் வழியே நீரும் காற்றும் போய்வரும். அதுவே அதற்கு மூச்சு. அதுவே அதற்கு ஆபத்து. வெயிலில் சற்று நேரம் இருந்தால் காய்ந்துவிடும். அதனால் வறண்ட நாளில் அது நண்டு வளைக்குள்ளும் வயல் வெடிப்புக்குள்ளும் தென்னை மட்டைக் குவியலின் அடியிலும் ஒடுங்கிக் கிடக்கும். சில இனங்கள் மண்ணுக்குள்ளேயே புதைந்துகொள்ளும். நம் ஊர்க் குண்டுத் தவளை ஒன்று, அறிவியல் பெயர் யூபெரோடான் சிஸ்டோமா, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, நல்ல மழை பெய்த இரவுகளில் மட்டும் வெளியே வரும். கல்லுக்குள் தேரை என்று நம்மவர்கள் சொல்லும்போது மிகை இருக்கலாம். மண்ணுக்குள் தவளை என்பதில் மிகையே இல்லை.

அடுத்தது குரல். எங்கள் வேலை பெரும்பாலும் காது வேலைதான். நுணலும் தன் வாயால் கெடும் என்ற பழமொழியை எங்கள் ஆய்வு முறைக்கான விளக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலான இனங்களில் உரத்துக் கத்துவது ஆண்தான். அதுவும் இணை தேடும் பருவத்தில்தான். பெண் தவளை நூறு இருந்தாலும் காதுக்கு எட்டாது. கத்தும் ஆணும் காலடி அதிர்வு பட்டால் வாயை மூடிக்கொள்ளும். அதனால் குட்டையை அடைந்ததும் ஓரிரு நிமிடம் சும்மா நின்று, அவை நம்மை மறந்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

நம் வயல்களின் மிகப் பெரிய தவளை உள்ளங்கையை நிறைத்து வழியும். முதல் பெருமழையில் அதன் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளுக்கு மாறி, கழுத்தின் இருபுறமும் நீலப் பைகளை உப்பவைத்துக்கொண்டு கத்தும்போது கண்ணில்லாதவரும் கண்டுபிடித்துவிடலாம், காதில்லாதவரும் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கூத்து சில நாள்தான். பிறகு நிறமும் போய்விடும், குரலும் போய்விடும். அதே குட்டை, அதே தவளை, நாள்தான் வேறு.

இதற்கு நேர்மாறானது தேரை, அதாவது முதுகெல்லாம் மருவோடு தெருவிளக்கின் அடியில் உட்கார்ந்திருக்குமே, அது. (சில ஊர்களில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளையையும் தேரை என்றே சொல்வார்கள். படிவத்தில் வாயில் நுழையாத லத்தீன் பெயரை எழுதுவதற்கு இந்தக் குழப்பம் ஒன்றே போதுமான காரணம்.) சனிக்கிழமை இரவு நாங்கள் டீ குடித்த கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே ஏழு தேரைகள் இருந்தன. விழுகிற பூச்சியை ஒவ்வொன்றாக நாக்கால் எடுத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தன. தேட வேண்டிய அவசியமே இல்லை. கால் வைக்கும்போதுதான் பார்த்து வைக்க வேண்டும்.

ஆக ஒவ்வோர் இனத்துக்கும், ஒவ்வோர் இரவுக்கும், தேடுகிற ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வாய்ப்பு அளவு இருக்கிறது: அது அங்கே இருந்தால், இன்று என்னிடம் அகப்படுவதற்கு எத்தனை சாத்தியம்? அதுதான் கண்டறியும் வாய்ப்பு. 'அது அங்கே இருந்தால்' என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். தவளை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இருந்தால் அகப்படுமா என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதற்குத்தான் நான் திட்டு வாங்கினேன்.

எத்தனை முறை போனால் போதும்?

டீக்கடை பெஞ்சில் அண்ணன் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது. எண்கள் விளக்கத்துக்காக அவர் வைத்துக்கொண்டவை.

ஒரு தவளை ஓர் இரவில் அகப்படும் வாய்ப்பு 0.4 என்று வைத்துக்கொள்வோம். பத்து இரவு போனால் சராசரியாக நான்கு இரவில் அகப்படும் என்று பொருள். அப்படியானால் ஓர் இரவில் தவறிப்போகும் வாய்ப்பு 0.6. இரண்டு இரவும் தவறிப்போக வேண்டுமானால் 0.6-ஐ 0.6-ஆல் பெருக்க வேண்டும்: 0.36. மூன்று இரவும் என்றால் ஏறக்குறைய 0.22. ஆறு இரவு போயும் அகப்படாமல் இருக்கும் வாய்ப்பு 0.05-க்கும் கீழே இறங்கிவிடும். ஆறு பூஜ்யங்களுக்குப் பிறகு 'இங்கே இல்லை போலிருக்கிறது' என்று சொல்ல ஓரளவு தைரியம் வரும்.

தெருவிளக்குத் தேரைபோல் வாய்ப்பு 0.8 என்றால் இரண்டே இரவில் அந்த நிலைக்கு வந்துவிடலாம். மண்ணுக்குள் கிடப்பதைப்போல் வாய்ப்பு 0.1 என்றால்? அண்ணன் கைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டு "இருபத்தொன்பது" என்றார். இருபத்தொன்பது இரவு! தம்பி டீயை வைத்துவிட்டு ஊருக்குப் போகிறேன் என்றான்.

"கண்ட கண்ட இரவில் இருபத்தொன்பது முறை எதற்கு? மழை பெய்த இரவாகப் பார்த்து நான்கு போதும்" என்று அக்கா அடக்கினார். வாய்ப்பு அளவு தலையெழுத்து இல்லை. சரியான நாளும் சரியான நேரமும் பார்த்துப் போனால் அது ஏறும்.

இதுவரை வாய்ப்பு அளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு பேசினோம். அது எப்படித் தெரியும்? தவளை உண்மையில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே எத்தனை முறை தவறவிட்டோம் என்று சொல்ல முடியும்? அது தெரிந்துவிட்டால் கணக்கெடுப்பே வேண்டாமே! இந்த முடிச்சை அவிழ்க்கும் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. திரும்பிப் போவது, அவ்வளவுதான்.

20 குட்டைகள். முதல் இரவு 5 குட்டைகளில் ஒரு குறிப்பிட்ட இனம் அகப்பட்டது. இரண்டாம் இரவும் 5 குட்டைகளில் அகப்பட்டது; ஆனால் அவற்றுள் 2 மட்டுமே முதல் இரவிலும் அகப்பட்டவை. இப்போது முதல் இரவு அகப்பட்ட அந்த 5 குட்டைகளைப் பாருங்கள். அங்கே தவளை இருப்பது சந்தேகமில்லாமல் தெரியும், காதால் கேட்டாயிற்று. அந்த ஐந்தில் இரண்டாம் இரவு எத்தனையில் அகப்பட்டது? இரண்டில். அப்படியானால் இருக்கும் தவளை ஓர் இரவில் அகப்படும் வாய்ப்பு ஐந்தில் இரண்டு, 0.4. நாம் கண்டுபிடித்த இடங்களே நாம் எவ்வளவு தவறவிடுகிறோம் என்பதையும் காட்டிக்கொடுத்துவிட்டன.

மீதி எளிது. இரண்டு இரவும் தவறிப்போகும் வாய்ப்பு 0.36. ஏதாவது ஓர் இரவிலாவது அகப்படும் வாய்ப்பு 0.64. நாம் மொத்தம் கண்டது 5 + 5 − 2 = 8 குட்டைகள். இந்த 8 என்பது உண்மையில் தவளை உள்ள குட்டைகளில் 64 சதவீதம்தான். 8-ஐ 0.64-ஆல் வகுத்தால் 12.5. அரைக் குட்டை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. மதிப்பீடு என்பதால் அரை வருகிறது. கண்ணால் கண்டதை மட்டும் நம்பியிருந்தால் இருபதில் எட்டு, 40 சதவீதம் என்று எழுதியிருப்போம். திருத்திய கணக்கு 62.5 சதவீதம் என்கிறது. 0 0 என்று விழுந்த 12 குட்டைகளில் நான்கோ ஐந்தோ உண்மையில் காலி இல்லை. எந்த நான்கு, எந்த ஐந்து என்று கேட்காதீர்கள். இந்தக் கணக்கு அதைச் சொல்லாது.

இந்த முறையை விரிவாக்கி 2002-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்கள் டாரில் மெக்கென்சியும் அவருடைய கூட்டாளிகளும். அவர்கள் அதைச் செய்துகாட்ட எடுத்துக்கொண்டதும் அமெரிக்காவின் மேரிலாந்து நீர்நிலைகளில் கேட்ட தேரை, தவளைக் குரல்களைத்தான். இன்று புலி, பறவை, மீன் என்று எல்லா ஆய்வுகளிலும் இது நுழைந்துவிட்டது. தவளைக்காரர்களாகிய எங்களுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆடி மாதத்து ஒலிபெருக்கி

இவ்வளவு பாடுபட்டு எதற்கு? எட்டோ பன்னிரண்டோ, தவளை இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா?

ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றுகூடச் சொல்லலாம். இரண்டு இடங்களை ஒப்பிடும்போதுதான் வம்பு வருகிறது. அக்காவின் ஆய்வுக் கேள்வியே ஒப்பீடுதான்: சாலையோரக் குட்டைகளிலும் உள்வயல் குட்டைகளிலும் தவளைகள் ஒரே அளவில் இருக்கின்றனவா?

சனிக்கிழமை இரவு நாங்கள் போன நான்காவது குட்டை ஓர் அம்மன் கோயிலுக்குப் பின்புறம் இருந்தது. மறுநாள் ஆடி ஞாயிறு. கூழ் வார்க்கும் திருவிழா. தென்னை மரத்தில் கட்டிய இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களில் ஒன்று சரியாகக் குட்டையைப் பார்த்தபடி இருந்தது. ஐந்து நிமிடம் நின்றோம். அம்மன் பாட்டு இரண்டு கேட்டோம், நன்றாகத்தான் இருந்தன. படிவத்தில் ஆறு இனங்களுக்கும் 0 விழுந்தது. குறிப்புப் பத்தியில் 'இரைச்சல் மிக அதிகம்' என்று எழுதவைத்தார் அக்கா. காற்று, மழை, வெப்பநிலை, நிலவு, நேரம், கேட்டது யார் என்பதெல்லாம் அந்தப் பத்தியில் வரும். முதலில் அதை அலுவலகப் படிவம் நிரப்பும் சடங்கு என்றுதான் நினைத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் கூழ் வார்த்து முடித்து, பந்தல்காரர் குழாயைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். அதே குட்டையில் மூன்று இனங்கள் கத்திக்கொண்டிருந்தன. முந்தின இரவும் அவை அங்கேதான் இருந்திருக்கும். பாட்டுக்கு நடுவே கத்தினவோ கத்தவில்லையோ, எங்களுக்குக் கேட்கவில்லை.

இப்போது கடலூர் சாலையோரம் 20 குட்டைகள், உள்ளே 20 குட்டைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் உண்மையில் பத்துப் பத்துக் குட்டைகளில் தவளை இருக்கிறது. லாரி இரைச்சலில் சாலையோரம் மூன்றுதான் காதில் விழுகிறது. உள்ளே எட்டு விழுகிறது. மூன்றுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து 'சாலையால் தவளைகள் அழிகின்றன' என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். நாளிதழில்கூட வந்துவிடும். சாலை உண்மையிலேயே தவளைகளைக் கொல்கிறது, சக்கரத்தில் நசுங்கியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த எண்கள் அதற்குச் சாட்சி ஆகா. அவை அளந்தது லாரியின் இரைச்சலை. உலக இருவாழ்வி இனங்களில் ஏறத்தாழ 41 சதவீதம் அழிவின் அபாயத்தில் இருக்கும் காலத்தில், உண்மையான சரிவையும் காதில் விழாததையும் பிரித்துச் சொல்லத் தெரியாவிட்டால் எந்தக் குட்டைக்கு ஓடிப் போய் நிற்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமை மழையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு மேற்கே கறுத்தது. ஆடியில் இங்கே அடைமழை பார்க்க முடியாது; அது ஐப்பசிக்கு. இது இடியும் காற்றுமாக ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போகும் வகை. இடி ஓயும்வரை டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தோம். வெட்டவெளியில் இடி இறங்கும்போது தவளை எண்ணக் கூடாது என்பது விதி. ஏழரைக்கு இறங்கினோம். பாம்பு இருக்கும் என்பதால் முன்னால் போகிறவர் கம்பால் வரப்பைத் தட்டிக்கொண்டே போவார். கண்ணாடி விரியன் உள்ள ஊர். கம்பூட்ஸை ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போகும்முன் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கழுவினோம். தவளைத் தோலைத் தாக்கிப் பல நாடுகளில் இனம் இனமாகக் கொன்ற ஒரு நீர்ப் பூஞ்சையை அறிவியல் உலகம் 1999-இல் பெயரிட்டு அடையாளம் காட்டியது. சேற்றோடு சேர்த்து அதைக் குட்டைக்குக் குட்டை தூக்கிப் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

முந்தின இரவு எனக்குத் திட்டு வாங்கித் தந்த அந்தக் குட்டைக்கு நூறு அடி தள்ளி நிற்கும்போதே கேட்டது. சீப்பின் பற்களில் நகத்தை வேகமாக ஓட்டினால் வருமே, அந்தச் சத்தம். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. குறுவாய்த் தவளை, மைக்ரோஹைலா ஆர்னேட்டா. எங்கள் படிவத்தில் குரலுக்கு மூன்று படிகள் உண்டு, அமெரிக்கத் தவளைக் கணக்கெடுப்பில் வகுத்தவை. தனித்தனியாக எண்ண முடிந்தால் 1. குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் பிரித்தறிய முடிந்தால் 2. எண்ணவே முடியாமல் ஒரே இரைச்சலாக இருந்தால் 3. அன்று 3.

கத்துவதை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இதற்கு ஒரு முறை இருக்கிறது. அக்கா ஒரு பக்கமும் நான் பத்தடி தள்ளி இன்னொரு பக்கமும் விளக்கை அணைத்துவிட்டு நின்றோம். ஒரே குரலைக் காதில் பிடித்துக்கொண்டு, அது வரும் திசையில் இருவரும் கையை நீட்டி, ஒரே நேரத்தில் டார்ச்சைப் போட்டோம். இரண்டு வெளிச்சமும் வெட்டிக்கொண்ட இடத்தில் மாட்டுக் குளம்பு பதிந்த ஒரு பள்ளம். அதில் கையளவு தண்ணீர். தண்ணீரின் ஓரத்தில், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக, அது உட்கார்ந்திருந்தது. முதுகில் கரும்பழுப்பில் இருபுறமும் ஒத்த ஒரு கோலம். தாடைக்குக் கீழே பை ஊதியபோது உடம்பைவிடப் பை பெரிதாக இருந்தது. நூறு அடிக்குக் கேட்ட குரல் இந்த உடம்பிலிருந்து வந்தது என்பதை நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வெளிச்சம் பட்டதும் பை சுருங்கியது. அது வாயை மூடிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவையும் நிறுத்திக்கொண்டன. குட்டை முழுவதும் ஒரே அமைதி. முந்தின இரவு நான் "தவளை இல்லை" என்று எழுதிய அதே அமைதி.

டார்ச்சை அணைத்துவிட்டு 0-க்குப் பக்கத்துக் கட்டத்தில் 1 போட்டேன்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு, அதையும் என் தலையில்தான் எழுத வேண்டும். எட்டாவது குட்டையில் இடைவிடாத ஒரு 'ர்ர்ர்ர்' சத்தத்தைக் கேட்டுத் தேரை என்று 1 போட்டிருந்தேன். மறுநாள் காலை ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டால், நிமிடக்கணக்கில் மூச்சே விடாமல் போகிறது. தேரை நடுவில் நிறுத்தும். அது ஈரமண்ணில் வளை தோண்டி அதன் வாயிலிருந்து கத்தும் பிள்ளைப்பூச்சி. ஒரு 1 தானே என்று விட்டுவிட முடியாது. மேலே பார்த்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் இரவு அகப்பட்ட ஐந்தில், இரண்டாம் இரவு அகப்படாத ஒன்று பிள்ளைப்பூச்சியின் வேலை என்று வைத்தால், உண்மையில் கண்டது முதல் இரவு 4, இரண்டாம் இரவு 5, இரண்டிலும் 2. மதிப்பீடு 12.5-இலிருந்து 10-க்கு இறங்கிவிடும். ஒரே ஒரு பிள்ளைப்பூச்சி இரண்டரைக் குட்டைகளைத் தவளையால் நிரப்பிவிட்டது. இந்தக் கணக்கு தவறவிட்டதை மன்னிக்கும். இல்லாததைக் கண்டதாக எழுதியதை மன்னிக்காது. அதனால் சந்தேகம் இருந்தால் 0 போட்டுவிட்டு ஒலிப்பதிவை வைத்துக்கொள் என்பது அக்காவின் கட்டளை.

ஒன்பதாவது குட்டையில் இரண்டு இரவும் குண்டுத் தவளைக்கு 0 0. பக்கத்து வயலில் நீர் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நாங்கள் என்ன தேடுகிறோம் என்று விசாரித்தார். சொன்னோம். "உருண்டையாக, கையில் எடுத்தால் உப்பிக்கொண்டு வருமே, அதுவா? இந்த வரப்பை வெட்டும்போது வந்ததம்மா. அது தவளை இல்லை, நுணல்" என்றார். அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் வெட்டுகிற வரப்பு. ஆனாலும் அதைக் கட்டத்தில் 1 என்று எழுத முடியாது. நாங்கள் போன இரவில் எங்களிடம் அகப்பட்டதா என்பது மட்டும்தான் அந்தக் கட்டத்தின் கேள்வி. குறிப்புப் பத்தியில் எழுதிக்கொண்டோம்.

ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் ஒன்பதாவது குட்டைக்குத் திரும்ப வருகிறோம். 0 0-க்குப் பக்கத்தில் மூன்றாவது கட்டம் ஒன்றைக் கோடு போட்டுத் தயாராக வைத்தேன். அக்கா அதையும் அடித்துவிட்டார். ஒரே கணக்கில் சேர்க்கும் இரவுகளுக்கு இடையே குட்டையின் நிலை மாறியிருக்கக் கூடாது. முதல் இரவு தவளை இருந்த குட்டையில் கடைசி இரவிலும் இருக்க வேண்டும், இல்லாத குட்டைக்குப் புதிதாக வந்து சேரக் கூடாது. சனிக்கும் ஞாயிறுக்கும் இடையே அதை நம்பலாம். ஆடிக்கும் ஐப்பசிக்கும் இடையே மூன்று மாதம், ஒரு நடவு, எத்தனையோ மழை. வெளியூர் போய்த் திரும்பிய குடும்பம் எது, புதிதாகக் குடிவந்த குடும்பம் எது என்று தெரியாது.

"ஐப்பசிக்குப் புதிய தாள் எடு" என்றார்.